ஒரு வாய்க்கால் சண்டை, இரண்டு எஃப்.ஐ.ஆர்: முதல் இரவின் காகிதம்

இந்த வழக்கில் கை எலும்பு முறிந்தவருக்கு நீதிமன்றத்தில் எதுவும் நிற்கவில்லை. தலையில் மூன்று தையல் போட்டவர் சொன்னதில் பாதி நின்றது. இரண்டு பேரும் பங்காளிகள். ஒரே மாலையில், ஒரே வாய்க்கால் கரையில் அடித்துக்கொண்டவர்கள். சாட்சிகளும் கிட்டத்தட்ட ஒரே ஆட்கள்தான். முடிவு மட்டும் ஏன் இப்படிப் பிரிந்தது என்றால், சண்டை நடந்த இரவில் யார் எங்கே போனார், அங்கே என்ன எழுதப்பட்டது என்பதில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கீழமை நீதிமன்றங்களில் அடிதடி வழக்குகளின் தலைவிதி பெரும்பாலும் அந்த முதல் 24 மணி நேரத்தில் எழுதப்பட்டுவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

திருவாரூர் மாவட்டத்தில் பாமணியாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு கிராமம். பெயர், வழக்கு எண் வேண்டாம். பெரியப்பா மகனைப் பெரியவர் என்றும் சித்தப்பா மகனைச் சின்னவர் என்றும் சொல்கிறேன். நான் சின்னவருக்காக ஆஜரானவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

சண்டைக்கான காரணம்

வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12-ஆம் தேதி 2024-இல் மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. அந்த வருடம் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்கள் குறுவையை விட்டுவிட்டார்கள். போர், அதாவது ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தவர்களும், பக்கத்துப் போரில் மணிக் கணக்குக்குத் தண்ணீர் வாங்க முடிந்தவர்களும் நாற்று விட்டார்கள்.

சின்னவருக்குச் சொந்தப் போர் இல்லை. மேலே இருக்கும் ஒருவரின் பம்புசெட்டில் தண்ணீர் வாங்கினார். அது அவருடைய மூன்று மா நிலத்துக்கு வந்து சேர வேண்டுமானால் பெரியவரின் நிலத்து ஓரமாகப் போகும் வாய்க்காலில்தான் வர வேண்டும். பெரியவர் அந்த வாய்க்காலை ஒட்டி நாற்றங்கால் போட்டு இரண்டு நாள் முன்புதான் விதை தெளித்திருந்தார். முளை கட்டிய விதை தெளித்த சேற்றில் தண்ணீர் ஏறி நின்றால் விதை அழுகிவிடும். ஜூன் 29, சனிக்கிழமை சாயங்காலம் வாய்க்கால் கரை ஓரிடத்தில் கசிந்து நாற்றங்காலுக்குள் தண்ணீர் ஏறியது. பெரியவர் மண் போட்டு வாய்க்காலை அடைத்தார். அடைத்த தண்ணீருக்கும் மணிக்கு இவ்வளவு என்று காசு ஓடிக்கொண்டிருந்தது. சின்னவரும் அவர் மகனும் வந்தார்கள். வாய்ப்பேச்சு, தள்ளுமுள்ளு, அப்புறம் மண்வெட்டி.

இரண்டு பேருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதற்குப் பிறகு வரும் எந்தக் காகிதத்திலும் அது இல்லை.

அந்த இரவு

பெரியவரை 108 ஆம்புலன்சில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எட்டு மணிக்குப் பணி மருத்துவர் பார்த்து விபத்துப் பதிவேட்டில் எழுதினார். இதைத்தான் நீதிமன்றத்தில் எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்கிறோம். அதில் இருந்தது இரண்டு வரி. தெரிந்த 2 நபர்கள் கட்டையால் தாக்கியதாகச் சொல்லப்படுகிறது என்பது ஒன்று. தலையின் இடது பக்கம் 4 செ.மீ. நீளத்தில் கிழிந்த காயம் என்பது இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போனது.

சின்னவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. இடது முன்கை வீங்கியிருந்தது. உள்ளூரில் கட்டுப் போடும் நாட்டு வைத்தியரிடம் போய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் படுத்துவிட்டார். டெல்டா கிராமங்களில் கை கால் முறிந்தால் முதலில் கட்டுப் போடப் போவது இன்னும் சாதாரணம்தான். அதோடு, 'அண்ணன் மேல எப்படிப் போய்க் கேஸ் குடுக்கிறது' என்ற தயக்கமும் அவருக்கு இருந்தது. அந்தத் தயக்கம் உண்மையானது. ஆனால் அதை எந்தப் பதிவேட்டிலும் பதிய முடியாது.

மறுநாள், ஜூன் 30 ஞாயிறு காலை 10 மணிக்கு, மருத்துவமனையில் பெரியவரிடம் வாங்கிய வாக்குமூலத்தின் பேரில் முதல் எஃப்.ஐ.ஆர். பதிவானது. அதில் சின்னவர், அவர் மகன், மனைவி, தம்பி, தம்பியின் கல்லூரியில் படிக்கும் மகன் என்று ஐந்து பேர். ஆயுதம், மண்வெட்டியின் இரும்புப் பக்கம். பிரிவுகள் இந்திய தண்டனைச் சட்டம் 147 (கலகம்), 148 (ஆயுதத்தோடு கலகம்), 294(பி) (ஆபாசப் பேச்சு), 324 (ஆயுதத்தால் காயம்), 506(2) (கொலை மிரட்டல்).

ஏன் ஐந்து? சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்வதற்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். நான்கு பேர் என்றால் 147-உம் இல்லை, 148-உம் இல்லை. எங்கள் பகுதி எஃப்.ஐ.ஆர்.களில் அண்ணன் தம்பி மனைவி மகன் என்று சரியாக ஐந்தில் வந்து நிற்கும் பட்டியலைப் பார்த்தால் நான் முதலில் ஏ.ஆர். காப்பியைத்தான் தேடுவேன்.

சின்னவருக்கு ஞாயிறு இரவு வலி தாங்கவில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள் என்ற செய்தியும் வந்துவிட்டது. ஜூலை 1, திங்கள்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரேயில் முன்கையின் உள்பக்க எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. அன்று மாலை அவர் கொடுத்த புகாரில் பெரியவர் மீதும் அவர் மகன் மீதும் இரண்டாவது எஃப்.ஐ.ஆர். ஆரம்பத்தில் 294(பி), 323 (சாதாரணக் காயம்), 506(1) (மிரட்டல்). எலும்பு முறிவுக்கான சான்று வந்த பிறகு 323-ஐ 325 (கொடுங்காயம்) ஆக மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பினார்கள்.

ஒரே சண்டை, இரண்டு நடைமுறைச் சட்டம்

2024 ஜூலை 1 என்ற தேதியைக் கவனியுங்கள். நாடு முழுவதும் பழைய மூன்று குற்றவியல் சட்டங்களும் போய்ப் புதிய மூன்றும் நடைமுறைக்கு வந்த நாள் அது. தமிழ்நாட்டில் வழக்கறிஞர்கள் அவற்றை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த நேரம்.

எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்பதை முடிவு செய்வது சம்பவம் நடந்த தேதி. அது ஜூன் 29. ஆகவே இரண்டு வழக்குகளுக்கும் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான். ஆனால் புகாரைப் பதிவது, புலன்விசாரணை செய்வது போன்ற நடைமுறை வேறு கணக்கு. ஜூலை 1-க்கு முன்பே தொடங்கிவிட்ட புலன்விசாரணை பழைய நடைமுறைச் சட்டப்படி தொடரும் என்று புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 531-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே பெரியவரின் புகார் பழைய சட்டத்தின் 154-இல் பதிவானது, சின்னவரின் புகார் புதிய சட்டத்தின் 173-இல். ஒரே வரப்பில் ஒரே கால் மணி நேரத்தில் நடந்த அடிதடிக்கு இரண்டு நடைமுறைச் சட்டங்கள்.

நடைமுறையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. யாரையும் கைது செய்யவில்லை. முதல் வழக்கில், கைதுக்குப் பதிலாக விசாரணைக்கு வரச் சொல்லும் 41-ஏ நோட்டீஸ், இரண்டாவதில் அதற்குச் சமமான 35(3) நோட்டீஸ். ஏழு ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது செய்வதற்குக் காவல்துறை காரணம் எழுதிக் காட்ட வேண்டும், அந்தக் காரணத்தை நடுவர் (மாஜிஸ்திரேட்) பார்த்து மனம் செலுத்திய பிறகே ரிமாண்ட் செய்ய வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் இந்த மாதிரி குடும்பச் சண்டைகளில் ஞாயிற்றுக்கிழமை ரிமாண்ட் என்ற பயம் குறைந்தது. சின்னவரின் மனைவிக்கு அந்த நோட்டீஸ் வந்த அன்றைக்கே பாதி உயிர் போய்விட்டது, அது வேறு.

எஃப்.ஐ.ஆர். நீதிமன்றத்துக்கு எப்போது வந்தது

காவல் நிலையத்தில் பதிவான எஃப்.ஐ.ஆர்.-இன் அசல், தாமதமில்லாமல் அந்த எல்லைக்குரிய நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும். விடுமுறை நாள் என்றால் நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நடுவர் கையெழுத்துப் போட்டு, பெற்ற தேதியையும் நேரத்தையும் எழுதுவார். பலரும் இதை வெறும் தபால் முத்திரை மாதிரி நினைக்கிறார்கள். அந்த ஒரு வரிதான் பின்னாளில் எஃப்.ஐ.ஆர்.-ஐத் திருத்தி எழுதவில்லை என்பதற்குச் சாட்சி.

முதல் எஃப்.ஐ.ஆர். பதிவானது ஞாயிறு காலை 10 மணி. நடுவர் பெற்றது திங்கள் மாலை 5 மணி. காவல் நிலையத்திலிருந்து நீதிமன்றத்துக்குப் பேருந்தில் அரை மணி நேரம்தான். இடையில் 31 மணி நேரம். விசாரித்த சிறப்பு உதவி ஆய்வாளரிடம் குறுக்கு விசாரணையில் கேட்டபோது ஞாயிற்றுக்கிழமை என்றார். நடுவர் வீட்டில் இருந்தாரா என்று பார்த்தீர்களா என்றதற்குப் பதில் இல்லை. இந்தத் தாமதம் ஒன்றே ஒரு வழக்கைக் கொன்றுவிடாது. நீதிமன்றங்கள் பலமுறை அப்படிச் சொல்லியிருக்கின்றன. ஆனால் மருத்துவமனையில் இரண்டு பேர் என்றவர், எஃப்.ஐ.ஆர்.-இல் ஐந்து பேர் என்கிறார், அந்த எஃப்.ஐ.ஆர். 31 மணி நேரம் எங்கேயோ இருந்திருக்கிறது என்று மூன்றையும் சேர்த்து வைக்கும்போது கனம் கூடிவிடுகிறது.

வழக்கும் எதிர் வழக்கும்

ஒரே சம்பவத்தில் இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் காவல்துறை என்ன செய்ய வேண்டும் என்பதற்குத் தமிழ்நாடு காவல் நிலை ஆணையில் 588-ஏ என்று ஒன்று நெடுங்காலமாக உண்டு. இரண்டையும் சேர்த்து விசாரித்து, முதலில் தாக்கியது யார் என்று கண்டுபிடித்து அவர்கள் மீது குற்றப்பத்திரிகை போட வேண்டும். இரண்டுமே பொய் என்று தெரிந்தால் இரண்டையும் முடித்துவிட வேண்டும். இரண்டு வழியும் கடினம் என்றால் அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு அதன்படி நடக்க வேண்டும். முடித்த வழக்கில் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் வேண்டுமானால் நடுவரிடம் போகட்டும் என்று விட வேண்டும்.

இந்த வழக்கில் ஒன்றை எஸ்.ஐ. விசாரித்தார், மற்றதைச் சிறப்பு எஸ்.ஐ. விசாரித்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டு வரைபடங்களிலும் வாய்க்கால் வேறு வேறு திசையில் போனது. கடைசியில் இரண்டிலும் குற்றப்பத்திரிகை. பெரியவரின் தலையில் காயம் எப்படி வந்தது என்பது இரண்டாவது குற்றப்பத்திரிகையில் இல்லை. சின்னவரின் கை எப்படி முறிந்தது என்பது முதலாவதில் இல்லை. ஒரு சண்டையைப் பாதி பாதியாக வெட்டி, இரண்டு வழக்குக் கட்டுகளாக நீதிமன்றத்தில் வைத்துவிட்டார்கள். நிலை ஆணையைப் பின்பற்றவில்லை என்பதற்காக வழக்கு தானாக விழாது. ஆனால் உண்மை வெளியே வருவதற்கான வாய்ப்பு அங்கேயே பாதி போய்விடுகிறது. இதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ஆறுதலான ஒரே விஷயம், இரண்டு வழக்குகளையும் ஒரே நடுவர் விசாரித்தார். வழக்கையும் எதிர் வழக்கையும் ஒரே நீதிபதி ஒன்றன் பின் ஒன்றாக விசாரித்து, முதல் வழக்கில் வாதம் கேட்டுத் தீர்ப்பை நிறுத்திவைத்து, இரண்டாவதையும் கேட்டு முடித்து, இரண்டுக்கும் தனித்தனித் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று 1990-இல் நத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. அதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு வழக்கின் சாட்சியத்தை மற்ற வழக்கில் பயன்படுத்தக் கூடாது. நடுவருக்கு இரண்டு கதையும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தீர்ப்பையும் அந்தந்த வழக்குக் கட்டில் இருக்கும் காகிதத்தை வைத்தே எழுத வேண்டும்.

கல்லூரிப் பையன்

ஐந்தாவது எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), அதாவது சின்னவருடைய தம்பியின் மகன், திருச்சியில் விடுதியில் தங்கிப் படிப்பவன். அன்று மாலை விடுதியில்தான் இருந்தான். விடுதிப் பதிவேடு இருந்தது. 'இதைக் காட்டினா விட்டுட மாட்டாங்களா ஐயா?' என்று அவன் அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி.

விடமாட்டார்கள். 324-க்கு மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் என்பதால் இது வாரண்ட் வழக்கு வகை. இதில் குற்றச்சாட்டு வனைவதற்கு முன்பு விடுவிக்கக் கேட்டு மனுப் போடலாம். பழைய சட்டத்தில் 239, புதியதில் 262. புதிய சட்டத்தில் ஆவண நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும் என்ற கெடுவும் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டத்தில் நடுவர் பார்ப்பது காவல்துறை தாக்கல் செய்த ஆவணங்களை மட்டுமே. எதிரி தன் பையிலிருந்து எடுத்துக் காட்டும் காகிதத்தை அப்போது பார்க்க முடியாது என்று 2004-இல் தேபேந்திர நாத் பாதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவு செய்தது. விடுதிப் பதிவேடு எதிர்த்தரப்புச் சாட்சியமாகத்தான் வர முடியும், அதாவது வழக்கின் கடைசியில். அதுவரை அவன் வாய்தாவுக்கு வாய்தா வர வேண்டும், அல்லது வராமைக்கு மனுப் போட வேண்டும். வளாக நேர்காணல்களில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கட்டத்துக்கு நேராக 'ஆம்' என்று எழுத வேண்டும். மனு தள்ளுபடியானது. வேறு வழியில்லை.

பேனா ஒரு நொடியில் எழுதிய ஐந்தாவது பெயர் அது. எழுதச் சொன்னவர்களும் எழுதியவரும் இதை யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாட்சிக் கூண்டு

முதல் வழக்கில் பெரியவர்தான் அ.த.சா.1, அரசுத் தரப்பு முதல் சாட்சி. முதல் விசாரணையில் எஃப்.ஐ.ஆர்.-இல் இருந்ததை அப்படியே சொன்னார். அடுத்து என் முறை.

'ராத்திரி டாக்டர் உங்கள என்ன கேட்டாங்க?'

'எப்படி அடிபட்டுச்சுன்னு கேட்டாங்க.'

'நீங்க?'

'கட்டையால அடிச்சிட்டாங்கன்னு சொன்னேன்.'

'மண்வெட்டின்னு சொன்னீங்களா?'

'வலியில இருந்தேங்க ஐயா.'

'எத்தனை பேருன்னு சொன்னீங்க?'

கொஞ்ச நேரம் பேசவில்லை. 'ரெண்டு பேரு.'

'அந்த ரெண்டு பேரு யாரு?'

எதிரிகள் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். 'தம்பியும் அவன் மகனும்.' தம்பி என்று அவர் சொன்னது சின்னவரை.

தட்டச்சில் இது 'நான் மருத்துவரிடம் இரண்டு பேர் கட்டையால் தாக்கியதாகச் சொன்னேன் என்றால் சரிதான்' என்று ஒரே வாக்கியமாக ஏறியது. அதற்கு மேல் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. புலன்விசாரணையின்போது காவல்துறையிடம் சொன்ன வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்துக் கிடையாது. அது ஆதாரமும் ஆகாது, முரண்பாடு காட்ட மட்டுமே பயன்படும். மருத்துவரிடம் சொன்னது அப்படியல்ல. மருத்துவருக்கு இந்த வாய்க்காலும் தெரியாது, இந்தப் பங்காளிப் பகையும் தெரியாது. அவர் தன் வேலையின் போக்கில் எழுதியது. அடிபட்டு இரண்டு மணி நேரத்துக்குள், யாரும் யோசனை சொல்வதற்கு முன், அடிபட்டவர் வாயிலிருந்து வந்தது.

பக்கத்து வயலில் வேலை செய்த ஆள் பிறழ் சாட்சியானார், அரசுத் தரப்புக்கு ஆதரவாக எதுவும் சொல்லவில்லை. காவல்துறை சம்பவ இடத்தில் எழுதிய மகஜரின் சாட்சிகளும் கையெழுத்து மட்டும் போட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் நாளை முகத்தில் முழிக்க வேண்டிய ஊரில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாவது வழக்கில் சின்னவர் சாட்சி. இங்கே நான் குறுக்கே எதுவும் செய்ய முடியாது. காவல்துறை வழக்கை நடத்துவது ஏ.பி.பி. எனப்படும் அரசு உதவி வழக்கு நடத்துநர். புகார்தாரரின் வழக்கறிஞர் அவருக்கு உதவலாம், நடுவர் அனுமதித்தால் எழுத்து வாதம் கொடுக்கலாம், அவ்வளவுதான். நாட்டு வைத்தியரைச் சாட்சியாகச் சேர்க்கச் சொல்லி நான் ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். புலன்விசாரணையில் அவரை விசாரிக்கவே இல்லை. அவரும் 'எனக்கு எதுக்குங்க கோர்ட்டு' என்று ஒதுங்கிவிட்டார்.

மருத்துவர் கூண்டில் ஏறினார். எலும்பு முறிவு கொடுங்காயம்தான் என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்வி கேட்டார். காயம்பட்டு எத்தனை நாளுக்குப் பிறகு உங்களிடம் வந்தார்? இரண்டு நாள். வரப்பில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால் இப்படி முறிய வாய்ப்புண்டா? உண்டு. அந்த 'உண்டு' என்ற சொல் எத்தனையோ கொடுங்காய வழக்குகளை முடித்து வைத்திருக்கிறது. முதல் இரவிலேயே பதிவேட்டில் ஏறியிருந்தால் அதே 'உண்டு' அவ்வளவு வலுவாக இருந்திருக்காது.

நடுவில் வந்த சமாதானம்

விசாரணை பாதியில் இருக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். இரண்டு பேரும் சரி என்றார்கள். 323, 506 போன்றவற்றைப் பாதிக்கப்பட்டவரே சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். 325-ஐ நடுவர் அனுமதியோடு முடிக்கலாம். 324, 147, 148 அந்தப் பட்டியலில் இல்லை. அதை நடுவர் கையில் முடிக்க முடியாது. உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து செய்யக் கேட்க வேண்டும். 2012-இல் கியான் சிங் வழக்கு அதற்கு வழி திறந்து வைத்திருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டமாக இருந்தால் மதுரைக் கிளை. நாங்கள் திருவாரூர் மாவட்டம், ஆகவே சென்னை. ஏழு பேர் சென்னைக்குப் போய் வரும் செலவையும் ஏற்கத் தயாராகத்தான் இருந்தார்கள்.

சமாதானம் உடைந்தது வேறு இடத்தில். சின்னவர், 'வாய்க்கால்ல தண்ணி விடுறேன்னு எழுதிக் குடுங்கண்ணே, இப்பவே கையெழுத்துப் போடுறேன்' என்றார். பெரியவர், 'விட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன், எழுத்தெல்லாம் எதுக்கு' என்றார். அங்கேயே நின்றுவிட்டது. இத்தனைக்கும் இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே வண்டியில் வந்தவர்கள்.

யாரும் தொடாத கேள்வி

அந்த வாய்க்காலில் தண்ணீர் விட யாருக்கு உரிமை? இரண்டு குற்ற வழக்கிலும் இந்தக் கேள்வி இல்லை. இருக்கவும் முடியாது. குற்றவியல் நடுவர் கேட்பது யார் அடித்தார் என்பதை மட்டும்.

ஆனால் சட்டத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. நிலத்தையோ நீரையோ பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறால் அமைதி கெடும் என்று தெரிந்தால் நிர்வாக நடுவர் விசாரித்து உத்தரவு போடலாம். பழைய நடைமுறைச் சட்டத்தில் 147, புதியதில் 166. நிர்வாக நடுவர் என்றால் வருவாய்க் கோட்டாட்சியர் போன்றவர்கள், நீதித்துறை நடுவர் அல்ல. வருடம் முழுதும் பயன்படுத்தும் உரிமை என்றால் தகவல் வருவதற்கு முந்தைய மூன்று மாதத்திலும், பருவத்துக்குப் பருவம் பயன்படுத்தும் உரிமை என்றால் கடைசியாக வந்த பருவத்திலும் பயன்படுத்தினாரா என்று பார்க்க வேண்டும். டெல்டா பாசனத்துக்கென்றே எழுதியது போன்ற விதி. முந்தைய குறுவையில் சின்னவருக்கு அதே வழியில் தண்ணீர் போனது ஊருக்கே தெரியும்.

காவல் நிலையத்திலிருந்து கோட்டாட்சியருக்குப் போனது இந்த அறிக்கை இல்லை. இரண்டு தரப்பிடமும் அமைதி காப்பதற்கான பிணை வாங்கும் 126-ஆம் பிரிவு அறிக்கைதான். ஓராண்டு வரை அமைதியாக இருப்போம் என்று எழுதி வாங்குவது அது. எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் தனியாக 166-இல் மனுக் கொடுத்தோம். நோட்டீஸ் வந்தது, இடத்தைப் பார்வையிட்டார்கள். அதற்குள் ஜூலை 28 வந்து மேட்டூர் திறந்து, பெரிய வாய்க்காலில் தண்ணீர் ஏறி, யாருக்கும் போர்த் தண்ணீர் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் சம்பாவுக்கு இறங்கிவிட்டார்கள். மனு அப்படியே கிடந்தது. சண்டையின் காரணம் ஒரு மாதத்தில் தீர்ந்தது. குற்ற வழக்குகள் மட்டும் தொடர்ந்து நடந்தன.

சண்டை நடந்த வாரத்திலேயே காவல் நிலையம் இந்த 166 வழியைக் காட்டியிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு

இரண்டு தீர்ப்புகளையும் நடுவர் ஒரே நாளில் வாசித்தார்.

முதல் வழக்கில், மருத்துவரிடம் சொன்ன இரண்டு பேரைத் தவிர மற்ற மூவரும் அங்கே இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை. ஐந்து பேர் இல்லாததால் 147, 148 நிற்கவில்லை. மண்வெட்டியின் இரும்புப் பக்கத்தால் அடித்தது நிரூபிக்கப்படாததால் 324 இல்லை. சின்னவரின் மகன் பிடித்துக்கொண்டான் என்ற பகுதிக்குச் சந்தேகத்தின் பலன். மண்வெட்டிக் காம்பால் அடித்து ஒரு காயம் ஏற்படுத்தினார் என்ற அளவில், பெரிய குற்றத்துக்குள் அடங்கிய சிறிய குற்றமான 323-இல் மட்டும் சின்னவர் குற்றவாளி. முதல் குற்றம் என்பதால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் கண்டித்து விடுவித்தார். பெரியவரின் மருத்துவச் செலவுக்காக ஒரு தொகை கொடுக்கவும் உத்தரவிட்டார். அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி இந்தத் தண்டனைத் தீர்ப்பால் அவருக்குத் தகுதியிழப்பு எதுவும் வராது. கல்லூரிப் பையன் விடுதலை. விடுதிப் பதிவேட்டை விடுதிக் காப்பாளர் வந்து நிரூபித்தார்.

இரண்டாவது வழக்கில் பெரியவரும் அவர் மகனும் விடுதலை. புகாரில் இரண்டு நாள் தாமதம், முதல் சிகிச்சை செய்தவரை விசாரிக்காதது, விழுந்தாலும் முறியலாம் என்ற மருத்துவர் சாட்சியம். கை முறிந்தது உண்மை என்று தீர்ப்பே சொல்கிறது. யாரால் என்பதில்தான் சந்தேகம்.

எனக்கு இந்தத் தீர்ப்புகள் மேல் கோபம் இல்லை. வழக்குக் கட்டில் இருந்ததை வைத்து நடுவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். இரண்டாவது தீர்ப்பைக் கேட்டுவிட்டுச் சின்னவர் என்னிடம், 'அப்ப என் கைய நானே முறிச்சிக்கிட்டேனாய்யா?' என்றார். அவருக்கு நான் சொன்ன பதில் சட்டப்படி சரியானது, அவருக்குப் பிரயோஜனமில்லாதது.

அதனால் இப்போது அடிதடி என்று இரவில் யார் போன் செய்தாலும் நான் சொல்வது ஒன்றுதான். கட்டு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், இல்லாத பெயரைச் சொல்லாதீர்கள். கேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதை மறுநாள் யோசித்துக்கொள்ளலாம். மனுக் கொடுத்தால், அதைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம், கேட்டு வாங்குங்கள்.

விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை பழைய சட்டத்தில் 372-இலும் புதியதில் 413-இலும் இருக்கிறது. தனி அனுமதி தேவையில்லை என்று 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னவருக்காக அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு தாக்கல் செய்திருக்கிறோம். வாய்க்காலுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் தனி வழக்கு. தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இரண்டு பங்குக்கும் வழக்கமான மடை வழியே நீர்ப்பாய்ச்சல் பாத்தியம் உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. அதுதான் எங்கள் முக்கிய ஆவணம். வாய்க்கால் ஓடும் திசையைப் பார்த்து அறிக்கை கொடுக்க வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கக் கேட்டிருக்கிறோம். தண்ணீர் ஓடும் பருவத்தில் அவர் வந்து பார்க்க வேண்டும் என்பதையும் மனுவில் சேர்த்திருக்கிறோம். அந்த ஒரு விஷயத்தில் பெரியவர் தரப்பும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது.